அசோகரின் தம்மம் என்பது என்ன?

அசோகரைப் பற்றிப் பள்ளியில் எழுதிய விடை நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார், கிணறுகளை வெட்டினார், கலிங்கப் போருக்குப் பின் மனம் மாறிப் புத்த மதத்தைத் தழுவினார். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இப்படி அடுக்கிச் சொன்னால் அவர் ஒரு நல்ல பொதுப்பணித்துறை அமைச்சர் போலத் தெரிகிறாரே தவிர, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பேரரசைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்து பார்த்தார் என்பது தெரிவதில்லை. அந்த முயற்சிக்கு அவரே சொன்ன பெயர் தம்மம். அது ஒரு மதம் இல்லை, சட்டப் புத்தகமும் இல்லை. படை, சிறை, வரி, ஒற்றர் என்று எல்லா அதிகாரமும் உள்ள ஓர் அரசு அந்த அதிகாரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று தனக்குத்தானே வகுத்துக்கொண்ட முறை அது.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சந்திரகுப்த மௌரியரின் பேரன், பிந்துசாரரின் மகன். தலைநகர் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா. முடிசூடியது கி.மு. 268 வாக்கில், ஆட்சி முடிந்தது கி.மு. 232 வாக்கில். வடமேற்கே ஆப்கானிஸ்தானின் கந்தஹாரிலிருந்து தெற்கே கர்நாடகத்தின் சித்திரதுர்க்கா வட்டாரம் வரை அவருடைய கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. பேரரசின் பெரும்பகுதி தாத்தாவும் அப்பாவும் விட்டுச்சென்றது. தாமே போரிட்டு வென்றதாக அவர் கல்வெட்டில் சொல்வது ஒரே ஒரு நாட்டை: கலிங்கம். இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியும் அதை ஒட்டிய வட ஆந்திரமும்.

எதை நம்புவது?

அசோகரைப் பற்றி இரண்டு வகைச் சான்றுகள் உண்டு. ஒன்று, பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட பௌத்த நூல்களின் கதைகள். தம்பிகளும் அண்ணன்களுமாக 99 பேரைக் கொன்றுவிட்டு அரியணை ஏறினார், சித்திரவதைக் கூடம் நடத்தினார், பிறகு பௌத்தரானதும் அடியோடு மாறினார் என்று அவை சொல்கின்றன. மதம் ஒருவரை எவ்வளவு மாற்றும் என்று காட்ட, மாறுவதற்கு முந்தைய ஆளுக்கு எவ்வளவு கரி பூச முடியுமோ அவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்சியின் 13ஆம் ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்ட ஐந்தாம் பாறைக் கல்வெட்டில், தம் சகோதர சகோதரிகளின் வீடுகளிலும் அதிகாரிகள் பணி செய்கிறார்கள் என்று அசோகரே குறிப்பிடுகிறார். கொல்லப்பட்டவர்களுக்கு ஏது வீடு?

இன்னொன்று அந்தக் கல்வெட்டுகள்தாம். பெரும்பாறைகளில் 14 கட்டளைகளின் தொகுதி, மெருகேற்றிய தூண்களில் 7 கட்டளைகள், இவை தவிரச் சிறு பாறைக் கல்வெட்டுகளும் தனிக் கல்வெட்டுகளும். பெரும்பாலானவை பிராமி எழுத்தில், மக்கள் பேசிய பிராகிருத மொழியில். வடமேற்கில் கரோஷ்டி எழுத்தில். கந்தஹாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும். எந்த ஊரில் எதைப் படிப்பார்களோ அதில் எழுது என்பது அன்றைக்கே ஒரு நிர்வாக முடிவாக இருந்திருக்கிறது.

இவற்றைப் படிக்கும் திறன் நடுவில் அற்றுப்போய்விட்டது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், அம்பாலாப் பக்கம் டோப்ராவிலிருந்தும் மீரட்டிலிருந்தும் இரண்டு தூண்களை டெல்லிக்கு இழுத்துவந்து நிறுத்தினார். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. 1837இல் கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தின் புதிரை உடைத்தார். சாஞ்சி தூபியின் கல்வேலியில் இருந்த குட்டிக் குட்டி வாசகங்கள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்து, அது ‘தானம்’ என்று இருக்க வேண்டும் என ஊகித்ததுதான் சாவி. படித்துவிட்டார், ஆனால் எல்லாக் கல்வெட்டிலும் பேசுகிறவர் ‘தேவானாம்பிய பியதசி’, அதாவது தேவர்களுக்குப் பிரியமானவர், அன்போடு நோக்குபவர். இந்தப் பியதசி யார்? விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கே அரசுப் பணியில் இருந்துகொண்டு பாலி நூல்களைப் படித்துவந்த ஜார்ஜ் டர்னர், இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான தீபவம்சத்தில் அசோகருக்கு அந்தப் பெயர் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1915இல் கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டம் மாஸ்கியில் ‘அசோக’ என்ற பெயரையே தாங்கிய கல்வெட்டு கிடைத்ததும் சந்தேகம் தீர்ந்தது.

கலிங்கம்: பதின்மூன்றாம் கல்வெட்டு

தம்மம் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டைத்தான் காட்ட வேண்டும். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது கலிங்கத்தை வென்றேன் என்று தொடங்குகிறது. அடுத்த வரியே கணக்கு. ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கினர் மாண்டார்கள். எண்கள் முழு எண்களாக இருப்பதைப் பார்த்தாலே எண்ணிச் சொன்னவை அல்ல என்று தெரியும். இருக்கட்டும். போரில் எத்தனை பேரைக் கொன்றேன் என்று மன்னர்கள் கல்லில் வெட்டுவது பெருமைக்காக. பாரசீகப் பேரரசர் முதலாம் தாரா (டேரியஸ்) பெகிஸ்துன் மலையில் வெட்டிவைத்தது தாம் அடக்கிய கலகங்களின் பட்டியல். அசோகர் அதே பட்டியலைக் குற்றப்பட்டியலாக எழுதுகிறார்.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இறந்தவர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கலிங்கத்திலும் தாய் தந்தையருக்குப் பணிந்து, ஆசிரியர்களை மதித்து, நண்பரிடமும் உறவினரிடமும் அடிமைகளிடமும் வேலைக்காரரிடமும் முறையாக நடந்த மக்கள் இருந்தார்களே, அவர்களுக்கு அல்லவா காயமும் சாவும் பிரிவும் நேர்ந்தது என்கிறார். தமக்கு எதுவும் நேராதவர்கள்கூடத் தம் நண்பருக்கும் உறவினருக்கும் நேர்ந்ததால் துயருற்றார்கள், அதுவும் அவர்களுக்கு நேர்ந்த தீங்குதான் என்கிறார். வென்றவன் தோற்றவர் பக்கத்துக் குடும்பங்களை இப்படி ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பார்ப்பது பழைய உலகில் அரிது. அன்று கலிங்கத்தில் மாண்டவர்களில் நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ இன்று துன்புற்றாலும் அது தமக்குப் பெரும் பாரமாக இருக்கும் என்று அந்தப் பகுதி முடிகிறது.

கலிங்கத்தின் தயா ஆறு ரத்தத்தால் சிவந்து ஓடியது, அசோகர் கரையில் நின்று வாளை வீசி எறிந்தார் என்பதெல்லாம் பின்னால் வந்த கதை. கல்வெட்டில் ஆறும் இல்லை, வாளும் இல்லை. உடனடி மனமாற்றமும் இல்லை. சிறு பாறைக் கல்வெட்டு ஒன்றில், தாம் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக உபாசகராக, அதாவது துறவு பூணாத பௌத்தராக இருப்பதாகவும், முதல் ஓராண்டு அவ்வளவு ஊக்கம் காட்டவில்லை என்றும், சங்கத்தை, அதாவது பௌத்தத் துறவிகளின் அமைப்பை அணுகிய பிறகே முனைப்பு வந்தது என்றும் சொல்கிறார். ஓராண்டு சும்மாதான் இருந்தேன் என்று நாடெங்கும் கல்லில் வெட்டிவைத்த அரசர்! திரைப்படக் காட்சியைவிட இந்த மெதுவான மாற்றத்தை நம்புவது எளிது.

சரி, வருந்திய பிறகு என்ன செய்தார்? கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர்த்துக் கொண்டுபோனவர்களைத் திருப்பி அனுப்பியதாக ஒரு வரிகூட இல்லை. படையைக் கலைக்கவில்லை. அதே கல்வெட்டில், பேரரசுக்குள் இருக்கும் காட்டுவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தேவர்களுக்குப் பிரியமானவர் பொறுக்கத் தக்கதைப் பொறுப்பார். வருந்துகிறார் என்றாலும் அவருக்கு வலிமை உண்டு. அவர்கள் தம் செயலுக்கு வெட்கப்பட்டுக் கொல்லப்படாமல் தப்பட்டும். இந்த வரியைப் பாடநூல்கள் பொதுவாக விட்டுவிடுகின்றன. அதனால்தான் நமக்குக் கிடைக்கும் அசோகர் பாதி அசோகர்.

அவர் விட்டது இதை: புதிதாக நாடு பிடிக்கும் போர். தம் மகன்களும் பேரன்களும் புதிய வெற்றிகளை நினைக்க வேண்டாம், அப்படியே ஆயுதத்தால் வெல்ல நேர்ந்தாலும் பொறுமையோடும் லேசான தண்டனையோடும் நின்றுகொள்ளட்டும், தம்மத்தால் வெல்வதையே வெற்றி என்று கொள்ளட்டும் என்கிறார். ‘நேர்ந்தாலும்’ என்று ஒரு வழி விட்டிருப்பதைக் கவனியுங்கள். பின்னால் வருகிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாத ஓர் அரசரின் எச்சரிக்கையான பேச்சு இது.

தம்மத்தால் வென்ற நாடுகள் என்று ஒரு பட்டியலும் உண்டு. சிரியாவின் அந்தியோக்கஸ், எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், வட ஆப்பிரிக்காவில் சைரீனை ஆண்ட மகஸ், அலெக்சாந்தர் என்று இன்னொருவர் (உலகை வென்ற அந்தப் பழைய அலெக்சாந்தர் இல்லை). இந்த ஐந்து பேரும் ஒரே காலத்தில் ஆட்சியில் இருந்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். பழங்கால இந்திய வரலாற்றில் ஓர் அரசரின் காலத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு இந்த ஒரு வாக்கியம் முக்கியக் காரணம். அந்த நாடுகளில் தம்மம் வென்றதா என்பது வேறு விஷயம். கிரேக்கர்கள் எழுதியவற்றில் அசோகரின் தூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை.

கலிங்கத்தாருக்குச் சொன்னது வேறு

புவனேசுவரத்துக்கு அருகே தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்தில் ஜௌகடாவிலும் இதே பாறைக் கட்டளைத் தொகுதி வெட்டப்பட்டிருக்கிறது. தௌலியில் கல்வெட்டுக்கு மேலே பாறையிலிருந்து வெளிப்படுவது போல ஒரு யானையைச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் கலிங்கத்துக்குள் இருப்பவை. இரண்டிலும் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பதிலாக அந்த நாட்டுக்கென்றே இரண்டு தனிக் கல்வெட்டுகளை வெட்டினார்கள்.

யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்லாமல் விட்டார் என்று இதைக் கடுமையாகப் படிக்கலாம். பிணங்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகளை இழந்தவர்கள் ஊரிலேயே கல்லில் வெட்டிவைப்பது புண்ணைக் கிளறுவதாகும் என்று நினைத்தார் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் மாற்றாக எழுதியதைப் படித்தால், ஆட்சி நடத்தும் கணக்கும் அதில் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

அந்தத் தனிக் கல்வெட்டுகள் மக்களை நோக்கிப் பேசுபவை அல்ல. தோசலி, சமாபா நகரங்களின் மகாமாத்திரர்களுக்கு, அதாவது உயர் அதிகாரிகளுக்குச் சொன்னவை. ‘எல்லா மனிதரும் என் பிள்ளைகள்’ என்ற புகழ்பெற்ற வரி இங்கேதான் வருகிறது. அதைத் தனியே எடுத்துச் சுவரில் எழுதினால் அழகுதான். ஆனால் அது வருகிற இடம் நீதி நிர்வாகம். காரணமில்லாமல் ஒருவர் சிறைப்படுகிறார், துன்புறுத்தப்படுகிறார், அதைக் கண்டு இன்னும் பலர் வேதனைப்படுகிறார்கள்; நடுநிலையோடு நடந்துகொள்ளுங்கள் என்கிறார். நடுநிலை எதனால் தவறுகிறது என்றும் சொல்கிறார்: பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு. ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் இந்தப் பட்டியலுக்கு விளக்கம் வேண்டாம். அதிகாரிகள் சரியாக நடக்கிறார்களா என்று பார்க்க ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கடுமையில்லாத ஓர் அதிகாரி சுற்றிவருவார், உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை அனுப்புவார்கள், இந்தக் கட்டளையைத் திஷ்ய (பூச) நட்சத்திர நாளில் கேட்க வேண்டும், இடையிலும் கேட்கலாம், ஒருவர் தனியாகவும் கேட்கலாம் என்றெல்லாம் ஏற்பாடு. பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாத காலம். கல்வெட்டு என்பது கண்ணால் படிக்க மட்டுமில்லை, வாய்விட்டுப் படிக்கக் கேட்பதற்கு.

தம்மத்துக்குள் என்ன இருக்கிறது?

இரண்டாம் தூண் கல்வெட்டில் அவரே கேள்வி கேட்டு விடை சொல்கிறார். தம்மம் நல்லது; ஆனால் தம்மம் என்பது எது? குறைந்த தீமை, நிறைந்த நன்மை, இரக்கம், ஈகை, உண்மை, தூய்மை. இவ்வளவுதான். வேறு கல்வெட்டுகளில் இன்னும் கொஞ்சம் விரிவாக வரும். பெற்றோருக்குப் பணிதல். நண்பர், உறவினர், பிராமணர், சிரமணர் (பௌத்தர் போன்ற பிற சமயத் துறவிகள்) எல்லாருக்கும் கொடுத்தல். அடிமைகளையும் ஊழியரையும் முறையாக நடத்துதல். உயிர்களைக் கொல்லாதிருத்தல். குறைவாகச் செலவிட்டுக் குறைவாகச் சேர்த்துவைத்தல்.

இதில் இல்லாததைப் பாருங்கள். பௌத்தத்தின் அடிப்படையான நான்கு உண்மைகள் இல்லை, எண்வழிப் பாதை இல்லை, நிர்வாணம் இல்லை. பொதுமக்களுக்குச் சொல்லும்போது இம்மை நலம், மறுமை, சொர்க்கம் என்று எல்லாச் சமயத்தாருக்கும் பழக்கமான சொற்களிலேயே பேசுகிறார். அசோகர் பௌத்தர், அதில் ஐயமில்லை. ஆட்சியின் பத்தாம் ஆண்டில் புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்குப் போனார். இருபதாம் ஆண்டில் லும்பினிக்குப் போய்த் தூண் நட்டு, அந்த ஊருக்கு வரியைக் குறைத்து விளைச்சலில் எட்டில் ஒரு பங்காக்கினார். பௌத்தச் சங்கத்துக்கு எழுதிய தனிக் கல்வெட்டில் எந்தெந்த உபதேசங்களைத் துறவிகள் அடிக்கடி கேட்க வேண்டும் என்றுகூடப் பட்டியல் போட்டார். அது ஒருவரின் சொந்த நம்பிக்கை. நாடு முழுக்கச் சொன்ன தம்மம் அதிலிருந்து தனியாக நின்றது. முதலில் படிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான், ஏனென்றால் ‘அசோகர் பௌத்தத்தை அரச மதமாக்கினார்’ என்ற தவறான வாக்கியம் எங்கும் உலவுகிறது. பராபர் குன்றில் அவர் குடைந்து கொடுத்த குகைகள் பௌத்தருக்கு அல்ல, ஆசீவகர் என்ற வேறொரு சமயத்துத் துறவிகளுக்கு.

பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டு இந்த இடத்தில்தான் வருகிறது. எல்லாச் சமயத்தாரையும் மதிக்கிறேன், தானத்தையும் மரியாதையையும்விட எல்லாச் சமயங்களின் சாரமும் வளர்வதையே பெரிதாகக் கருதுகிறேன் என்கிறார். சாரம் வளர என்ன வழி? நாக்கை அடக்குவது. காரணமில்லாமல் தன் சமயத்தைப் புகழ்வதும் பிறர் சமயத்தை இகழ்வதும் கூடாது. காரணம் இருந்தாலும் அளவாக இருக்க வேண்டும். தன் சமயத்தின் மேல் உள்ள பற்றால் பிறரை இகழ்கிறவன் தன் சமயத்துக்கே கூடுதல் கேடு செய்கிறான். ஒருவர் சொல்வதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கட்டும். ‘எல்லா மதமும் ஒன்றுதான்’ என்று அவர் சொல்லவே இல்லை. வேறுபாடுகள் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, பேச்சுக்கு வரம்பு கேட்கிறார். சண்டை சொல்லில்தான் தொடங்குகிறது என்பதைப் போர் நடத்திய ஒருவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒன்பதாம் கல்வெட்டில் ஒரு குடும்பப் பெரியவரின் சலிப்பு தெரிகிறது. நோய் வந்தால், கல்யாணம் என்றால், பிள்ளை பிறந்தால், பயணம் கிளம்பினால் மக்கள் பலவிதச் சடங்கு செய்கிறார்கள், அதிலும் பெண்கள் அற்பமானவற்றை நிறையச் செய்கிறார்கள் என்கிறார். பெண்களைத் தனியே குறை சொன்னது இன்று படிக்க உறுத்துகிறது. சரி, செய்யுங்கள், ஆனால் பலன் சொற்பம்; வேலைக்காரரை முறையாக நடத்துவது என்ற சடங்குக்கு நிச்சயம் பலன் உண்டு என்று முடிக்கிறார். தடை போடவில்லை, விலையைக் குறைத்துவிட்டார்.

எப்படி நடத்தினார்?

அறிவுரை எவரும் சொல்லலாம். அசோகர் அதற்கு ஆள் போட்டார். ஆட்சியின் 13ஆம் ஆண்டில் தம்ம மகாமாத்திரர் என்று ஒரு புதிய பதவி. இதற்கு முன் இப்படி ஒரு பதவி இருந்ததில்லை என்று அவரே சொல்கிறார். எல்லாச் சமயத்தாரிடமும் போவது, முதியோரையும் ஆதரவற்றோரையும் கவனிப்பது, சிறையிலிருப்பவரில் பிள்ளைக்குட்டிக்காரர், வயதானவர் யார் என்று பார்த்து உதவுவது, விடுவிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஏற்கெனவே இருந்த யுக்தர், ரஜ்ஜுகர், பிராதேசிகர் என்ற அதிகாரிகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் போகும்போது, வழக்கமான வேலையோடு தம்மத்தையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

தமக்கும் விதி வைத்துக்கொண்டார். ஆறாம் கல்வெட்டில், உண்ணும்போதும் அந்தப்புரத்திலும் உள்ளறையிலும் வண்டியிலும் தோட்டத்திலும் எங்கிருந்தாலும் மக்கள் காரியத்தை எனக்கு உடனே தெரிவிக்கலாம் என்று அறிவிக்கிறார். அரசர்களின் வேட்டைப் பயணத்தை விட்டுவிட்டுத் தம்மப் பயணம் தொடங்கினார். சமையலறைக்கு முன்பு நாள்தோறும் ஏராளமான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்று மட்டும்: இரண்டு மயில், ஒரு மான், மானும் எல்லா நாளும் இல்லை, இனி அதுவும் இருக்காது என்கிறது முதல் கல்வெட்டு. ஒரே நாளில் சைவமாகிவிட்டேன் என்று பொய் சொல்லாமல், இன்னும் இரண்டு மயில் போகிறது என்று கணக்குக் காட்டும் நேர்மை எனக்குப் பிடிக்கும். 26ஆம் ஆண்டில் கொல்லக் கூடாத உயிரினங்கள் என்று கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி என்று நீளமான ஒரு பட்டியலே போட்டார். காரணமின்றிக் காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது என்றும் அதில் உண்டு.

பள்ளிக்கூடத்து மரங்களும் இங்கேதான் வருகின்றன. ஏழாம் தூண் கல்வெட்டின்படி நிழலுக்கு ஆலமரம், மாந்தோப்பு, வழிநெடுகக் கிணறு, தங்குமிடம், தண்ணீர்ப் பந்தல். ஆனால் அடுத்த வரியிலேயே, இதெல்லாம் பெரிய காரியமில்லை, முந்தைய அரசர்களும் செய்திருக்கிறார்கள், மக்கள் தம்மத்தின்படி நடக்கட்டும் என்பதற்காகவே செய்தேன் என்கிறார். நாம் மனப்பாடம் செய்த பகுதியை அவர் முக்கியமாகவே நினைக்கவில்லை.

இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு, மூலிகை இல்லாத இடங்களில் கொண்டுவந்து நடுதல் பற்றி வருகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள நாடுகளிலும் இதைச் செய்ததாகச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி வரை என்று பெயர்கள் வருகின்றன. தாமிரபரணி இங்கே இலங்கை என்பது பொதுவான கருத்து. தமிழ் அரசுகள் மௌரியப் பேரரசுக்குள் இல்லை, வெளியே தனியாக இருந்தன என்பதற்கு இது நேரடிச் சான்று. இதில் சதியபுத்திரர் யார் என்று நெடுநாள் வழக்கு. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று தொடங்கி வழக்கைத் தீர்த்துவிட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவராக நாம் அறிந்த அதியமானின் குடியைப் பாடலிபுத்திரத்தில் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எங்கே நின்றுவிட்டது?

மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. நான்காம் தூண் கல்வெட்டில், தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறார். உறவினர் மேல்முறையீடு செய்யலாம், இல்லாவிட்டால் தானமோ நோன்போ செய்து மறுமைக்குத் தயாராகலாம். உயிர்க்கொலை வேண்டாம் என்ற அரசின் கொலைக்களம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. சங்கத்தைப் பிளக்கும் துறவிகளுக்கு துறவி ஆடைக்குப் பதில் வெள்ளை உடுத்தி வெளியேற்றம் என்ற ஆணை, பன்னிரண்டாம் கல்வெட்டின் குரலோடு சட்டென ஒட்டவில்லை. வீட்டுக்குள் ஒழுக்கம் பேச வரும் தம்ம மகாமாத்திரர், அரசின் கண்ணாகவும் காதாகவும் இருந்திருப்பார் என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

அகிம்சையால் படை மழுங்கிப் பேரரசு விழுந்தது என்ற வாதமும் பழையது. அசோகருக்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டில், கடைசி மௌரியரான பிருகத்ரதரை அவருடைய சேனாபதி புஷ்யமித்திரரே கொன்றார் என்பது உண்மை. ஆனால் படை கலைக்கப்படவே இல்லை. இருந்த படையின் தலைவர்தான் அரசரைக் கொன்றார். அவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தகுதியான வாரிசு இல்லாமல் கட்டிக்காப்பது எந்தக் கொள்கையோடும் கடினம். வாதத்தை நான் ஏற்பதில்லை. தம்மம் தோற்றது வேறு இடத்தில்: அவருக்குப் பின் வந்த எவரும் அதைத் தொடரவில்லை. கலிங்கத்திலேயே, தௌலிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உதயகிரிக் குன்றின் ஹாதிகும்பாக் குகையில், பிற்காலக் கலிங்க மன்னர் காரவேலர் தம் படையெடுப்புகளை ஆண்டுவாரியாகப் பெருமையோடு வெட்டிவைத்திருக்கிறார். தமிழ் அரசுகளின் கூட்டணியை உடைத்ததும் அதில் ஒன்று என்று அறிஞர்கள் படிக்கிறார்கள்.

தொடக்கத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பதினான்கையும் வரிசையாகப் படிக்க வேண்டாம், அலுத்துவிடும். சொன்னதையே திரும்பச் சொல்கிறார், இனிமையாக இருப்பதால் திரும்பச் சொன்னேன் என்று பதினான்காம் கல்வெட்டில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். முதலில் 13, பிறகு 12, 6, அதன் பின் தௌலியின் தனிக் கல்வெட்டுகள், கடைசியில் ஏழாம் தூண் கல்வெட்டு. ஆட்சியின் 27ஆம் ஆண்டில் வெட்டிய அந்தக் கடைசிக் கல்வெட்டில், தம்மம் இரண்டு வழியில் வளர்ந்தது, ஒன்று கட்டுப்பாடு, இன்னொன்று மக்களை யோசிக்க வைப்பது, இதில் கட்டுப்பாட்டால் ஆனது கொஞ்சம்தான் என்று தாமே மதிப்பிடுகிறார். டெல்லியில் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்பது அந்தத் தூண்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் ஆந்திரத்தின் குத்தி இருக்கிறது. அங்கிருந்து பத்திகொண்டா போகும் சாலையில் எர்ரகுடி. பதினான்கு பாறைக் கட்டளைகளும் சிறு பாறைக் கல்வெட்டும் ஒரே குன்றில் இருக்கும் இடம் அது. சிறு கல்வெட்டின் சில வரிகளை எழுதியவர் வலமிருந்து இடமாக வெட்டியிருக்கிறார். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது.